வாரத்தில் ஒரு மாலை: வேலை–வாழ்க்கைச் சமநிலை பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

இரவு ஒன்பதே முக்கால் இருக்கும். மகளுக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை. பின்னக் கூட்டலில் இன்னும் இரண்டு கணக்கு பாக்கி. அந்த நேரம் பார்த்து போன் வந்தது. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி. “அக்கா, அந்த ரிப்போர்ட்டை எந்த சர்வர்ல ஓட்டணும்?” பதில் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் ஹாலிலிருந்து அறைக்குத் திரும்பியபோது நோட்டு மூடியிருந்தது. “பரவாயில்லம்மா, காலைல பார்த்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

அந்தக் கேள்வியை அவர் மாலை நான்கு மணிக்கே கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று மறுநாள் விசாரித்தேன். நான்கு மணிக்கு நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். ஐந்து மணிக்கு இன்னொன்று. ஆறு மணிக்கு கிளையன்ட் கால். நடுவில் குறுக்கிட அவருக்குத் தயக்கம். என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்தேதான் ஒன்பதே முக்கால் வரை காத்திருந்திருக்கிறார்.

வேலை–வாழ்க்கைச் சமநிலை என்று பேச்செடுத்தாலே நமக்குக் கிடைக்கும் அறிவுரைகள் தெரிந்தவைதான். போனை அணைத்து வை, முடியாது என்று சொல்லப் பழகு, காலையில் ஐந்து மணிக்கு எழு, யோகா செய். எல்லாமே தனி ஆளுக்குச் சொல்லப்படுபவை. அன்று இரவு நான் போனை அணைத்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரிப்போர்ட் ஓடியிருக்காது, அந்தத் தம்பி விடிய விடிய தவித்திருப்பார். என் மாலை கெட்டுப்போனது என் மனவுறுதிக் குறைவால் அல்ல. நாங்கள் எல்லோரும் பகலை அடுக்கி வைத்திருந்த விதத்தால். இந்தத் துறையின் ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கியபோது, பலர் பல வழியாகச் சுற்றி இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பதைப் பார்த்தேன். முதன்முறையாகப் படிப்பவர்களுக்கு அந்த வழியை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், எதை அளக்கிறார்கள்?

‘சமநிலை’ என்ற சொல் தராசை நினைவுபடுத்துகிறது. ஒரு தட்டில் வேலை, இன்னொரு தட்டில் வீடு. ஆனால் எட்டு மணி நேரம் மட்டும் வேலை செய்துவிட்டு நிம்மதியில்லாமல் இருப்பவரும் உண்டு, பன்னிரண்டு மணி நேரம் கடை நடத்திவிட்டுச் சந்தோஷமாக இருப்பவரும் உண்டு. ஆகவே ஆய்வாளர்கள் பெரும்பாலும் சமநிலையை நேராக அளப்பதில்லை. வேலையும் குடும்பமும் எங்கே மோதுகின்றன என்று பார்க்கிறார்கள். மோதல் இருந்தால் அது கண்ணில் படும், கேள்வி கேட்டு அளக்கவும் முடியும்.

1985-இல் ஜெஃப்ரி கிரீன்ஹவுஸ், நிக்கோலஸ் பியூட்டெல் என்ற இருவர் எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளம். மோதலை அவர்கள் மூன்று வகையாகப் பிரித்தார்கள். முதலாவது நேர மோதல். பள்ளியில் பெற்றோர் கூட்டம் காலை பத்து மணிக்கு, ஆபீசில் ரிவ்யூவும் பத்து மணிக்கு. இது எல்லோருக்கும் புரிவது. இரண்டாவது, ஓரிடத்துக் களைப்பும் மன அழுத்தமும் இன்னோரிடத்துக்குக் கசிவது. ஆள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருப்பார், மேனேஜர் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, நடத்தை மோதல். ஆபீசில் பாராட்டு வாங்கித் தரும் குணம் வீட்டில் சண்டையை இழுத்துவிடும். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவருக்குப் பிழை கண்டுபிடிப்பதுதான் தொழில். அதே கண்ணோடு வீட்டுக்கு வந்து சாம்பாரையும் பிள்ளையின் கையெழுத்தையும் பார்த்தால் என்ன ஆகும்?

இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் பிடிக்கும். சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவதால் முதல் வகை மட்டும்தான் தீரும் என்பதை இது ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது.

இரண்டாவது வகையை ஆழமாகத் தோண்டியவர் ஜெர்மன் உளவியலாளர் சபீன் சோனென்டாக். வேலை முடிந்த பிறகு உடல் மட்டுமின்றி மனமும் வேலையை விட்டு விலக வேண்டும் என்பது அவர் ஆராய்ந்த முக்கியக் கருத்து. அந்த விலகல் நன்றாக நடக்கும் ஆட்களுக்குக் களைப்பு குறைவு, மறுநாள் தெம்பு அதிகம். 2007-இல் அவரும் ஷார்லட் ஃபிரிட்ஸும் சேர்ந்து, ஓய்வு எப்படிப்பட்டது என்று அளக்க ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். அதில் நான்கு அம்சங்கள்: வேலையிலிருந்து மனம் விலகுவது, தளர்ந்து இளைப்பாறுவது, புதிதாக ஒன்றைக் கற்று மேம்படுவது, ஓய்வு நேரத்தை என்ன செய்வது என்று நாமே முடிவெடுப்பது. கடைசி அம்சத்தைக் கவனியுங்கள். ‘எந்த நேரமும் போன் வரலாம்’ என்று காத்திருக்கும் மாலையில் அந்த உரிமை நம் கையில் இல்லை. போன் வராமலேயே போனாலும் அந்த மாலை நம்முடையதாக இருக்கவில்லை. சோனென்டாக் சுட்டிக்காட்டும் இன்னொன்று உண்மையில் வருத்தமானது. வேலைச்சுமை யாருக்கு அதிகமோ அவர்களுக்குத்தான் இந்த விலகல் அதிகம் தேவை. அவர்களால்தான் அது முடிவதும் இல்லை.

சரி, இதுவரை பிரச்சினை தனி ஆளின் தலைக்குள் இருக்கிறது. அதை டீமுக்குக் கொண்டுவந்தது எப்படி?

பதினேழு இன்ஜினியர்கள், மூன்று காலைகள்

1990களில் லெஸ்லி பெர்லோ என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் சாஃப்ட்வேர் டீமோடு ஒன்பது மாதம் கூடவே இருந்தார். பதினேழு இன்ஜினியர்கள். ஒரு லேசர் பிரிண்டர் உருவாக்கும் திட்டம். அவர்கள் இரவும் வார இறுதியும் வேலை செய்தார்கள். வேலை அதிகம், ஆள் குறைவு என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். பெர்லோ அவர்களுடைய நாளை மணிக்கணக்கில் குறித்துப் பார்த்தபோது வேறொரு படம் கிடைத்தது.

பகல் முழுக்க ஒருவர் மேசைக்கு இன்னொருவர் வந்து சந்தேகம் கேட்கிறார். அவரிடம் போய் மூன்றாமவர் கேட்கிறார். நடுவில் மேனேஜர் வந்து நிலவரம் விசாரிக்கிறார். இன்ஜினியர்கள் ‘உண்மையான வேலை’ என்று சொல்லும், யோசித்து எழுத வேண்டிய வேலைக்கு இடைவெளியே இல்லை. ஆகவே அதை எல்லோரும் போன பிறகு செய்கிறார்கள். ராத்திரி உட்கார்வதால் மறுநாள் வேலை பிந்துகிறது. பிந்தியதால் நெருக்கடி. நெருக்கடி என்பதால் ‘இப்பவே சொல்லு’ என்று இன்னும் அதிகமாகக் குறுக்கிடுகிறார்கள். கடைசி நேரத்தில் விடிய விடிய உட்கார்ந்து காப்பாற்றுபவருக்குப் பாராட்டு. நெருக்கடியே வராமல் முன்கூட்டியே முடித்தவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செக்குமாடு மாதிரி இந்தச் சுற்று நிற்கவே நிற்காது. இதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் ‘நேரப் பஞ்சம்’ என்று சொல்லலாம். 1999-இல் வெளியான அவருடைய கட்டுரையின் தலைப்பும் அதுதான்.

பிறகு அவர் செய்த சோதனை மிகச் சின்னது. வாரத்தில் மூன்று நாள், காலையிலிருந்து மதியம் வரை யாரும் யாரையும் குறுக்கிடக் கூடாது. கேள்வி இருந்தால் சேர்த்து வைத்து மதியத்துக்கு மேல் கேட்கலாம். அவ்வளவுதான். ஆள் கூட்டவில்லை, வேலையைக் குறைக்கவில்லை. தயாரிப்பு குறித்த நாளில் வெளிவந்தது. அந்தப் பிரிவில் அது அபூர்வம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதை ஒருவர் மட்டும் செய்ய முடியாது. ‘நான் காலையில் யாரிடமும் பேச மாட்டேன்’ என்று ஒரே ஒருவர் சொன்னால் அவர் திமிர் பிடித்தவர் என்று பெயர் வாங்குவார். எல்லோரும் சேர்ந்து சொன்னால் அது ஏற்பாடு. அதே சமயம், ஆய்வாளர் கிளம்பிப் போன பிறகு அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. பாராட்டும் பதவி உயர்வும் பழையபடி ராத்திரி வீரர்களுக்கே போய்க்கொண்டிருந்தால், புதிய பழக்கம் எத்தனை நாள் தாங்கும்?

புதன்கிழமை ஆறு மணி

பெர்லோ அடுத்துப் போன இடம் இன்னும் கடினமானது. பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனம். அங்கே வாடிக்கையாளர் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பதுதான் தொழில் தர்மம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பெர்லோவும் ஜெசிகா போர்ட்டரும் அங்கே சில ஆண்டுகள் நடத்திய சோதனைகளை 2009-இல் எழுதினார்கள்.

முதல் சோதனையில் டீமில் ஒவ்வொருவரும் வாரத்தின் நடுவில் ஒரு முழு நாள் விடுமுறை எடுத்தே ஆக வேண்டும். அதை ஈடுகட்ட ஓர் ஆளைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். இரண்டாவதில் கூடுதல் ஆள் கிடையாது. ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு மாலை, முன்கூட்டியே குறித்த மாலை. ஆறு மணிக்குப் பிறகு மெயில் பார்க்கக் கூடாது, போன் எடுக்கக் கூடாது. கேட்பதற்கு எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது! ஒரே ஒரு மாலை. அதற்கே எதிர்ப்பு வந்தது. மதிப்பீட்டில் மார்க் குறையும் என்று சிலர் பயந்தார்கள். விட்டதை ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டிவரும் என்று சிலர் சொன்னார்கள். வேலை உச்சத்தில் இருக்கும் வாரத்தில் இந்த மாலையைத் தள்ளிவைக்கலாமே என்று கேட்டவர்களும் உண்டு. ஆய்வாளர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. உச்சத்தில்தான் இது கட்டாயம் வேண்டும் என்றார்கள்.

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். புதன்கிழமை ஆறு மணிக்கு ஒருவர் கிளம்ப வேண்டுமென்றால் என்னென்ன நடக்க வேண்டும்? அவர் கையில் இருக்கும் வேலை இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிய வேண்டுமானால் இருவரும் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். பேச உட்கார்ந்தால் ‘இந்த ஸ்லைடு எதுக்கு? வாடிக்கையாளர் இதைக் கேட்டாரா?’ என்ற கேள்வி வரும். கேட்கவில்லை என்று தெரிந்தால் அந்த வேலையே தேவையில்லாமல் போகும். ஒரு மாலையைக் காலி செய்வதற்காகத் தொடங்கிய முயற்சி, டீம் வேலையைத் திட்டமிடும் விதத்தையே மாற்றிவிட்டது. விடுமுறையைச் சாக்காக வைத்து வேலையைச் சீர்செய்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

கூடவே வாராவாரம் ஒரு சிறு கூட்டம். அதில் ஒவ்வொருவரும் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எப்படி இருக்கிறீர்கள்? வாடிக்கையாளருக்கு நம் வேலையால் எவ்வளவு பயன்? நீங்கள் கற்றுக்கொள்வது போதுமானதாக இருக்கிறதா? இப்படியே தொடர்ந்து வேலை செய்ய உங்களால் முடியுமா? முதல் சில வாரங்களில் எல்லோரும் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் சொல்வார்கள். யாராவது ஒருவர், முக்கியமாக மேலே இருப்பவர், உண்மையைச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள்.

முடிவு எப்படி இருந்தது? இந்த ஏற்பாடு இருந்த டீம்களில் 72 சதவீதம் பேர் தங்கள் வேலை திருப்தி தருவதாகச் சொன்னார்கள். மற்ற டீம்களில் 49 சதவீதம். வேலை–வாழ்க்கைச் சமநிலை திருப்தியாக இருப்பதாகச் சொன்னவர்கள் ஏற்பாடு இருந்த டீம்களில் 54 சதவீதம், மற்றவற்றில் 38. வாடிக்கையாளர்களும் குறை சொல்லவில்லை. சில ஆண்டுகளில் முப்பது நாடுகளில் 900-க்கும் மேற்பட்ட டீம்களுக்கு அந்த நிறுவனம் இதைக் கொண்டுபோனது. ஆனாலும் 54 சதவீதம் என்பது பாதிக்குச் சற்று மேல்தான், அதையும் மறக்க வேண்டாம். ஒரு மாலை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது.

வேலை ஏன் இரவுக்கு வழிகிறது?

திட்ட மேலாண்மையைப் படிப்பவர்கள் இந்தக் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய பதிலில் பாதி இதுதான்: தொடக்கத்திலேயே கணக்கு தப்பு.

1979-இல் டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இதற்குத் ‘திட்டமிடல் மாயை’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். முன்பு இதே மாதிரி வேலைகள் எத்தனை நாள் இழுத்தன என்று நமக்கே தெரியும். ஆனாலும் இந்த முறை சீக்கிரம் முடியும் என்று நம்புகிறோம். 1994-இல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த இளங்கலை மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். சரி, எல்லாமே மோசமாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். மிக மோசமாகப் போனால் என்று யோசித்துச் சொன்ன கணக்கைக்கூட உண்மை தாண்டிவிட்டது.

வீடு கட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ‘தை பிறந்தால் பால் காய்ச்சிவிடலாம்’ என்ற மேஸ்திரி வாக்கு ஆவணியில் நிறைவேறும். மேஸ்திரி பொய் சொல்லவில்லை. அவரும் நம்பித்தான் சொல்கிறார். இதற்கு மருந்து, ‘இந்த வேலை எத்தனை நாள் ஆகும்?’ என்று கேட்பதைவிட ‘இதே மாதிரி முந்தைய வேலைகள் எத்தனை நாள் ஆயின?’ என்று பார்ப்பது. பழைய கணக்கு நோட்டு நம் நம்பிக்கையைவிட நேர்மையானது.

பதிலின் மறுபாதி, தாமதமான பிறகு செய்யும் தவறு. வேலை பிந்திவிட்டது என்று தெரிந்ததும் கூடுதல் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். 1960களில் ஐபிஎம் நிறுவனத்தின் மிகப்பெரிய சாஃப்ட்வேர் திட்டம் ஒன்றை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், அந்த அனுபவத்தை வைத்து 1975-இல் ஒரு விதி எழுதினார்: பிந்திய சாஃப்ட்வேர் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும். காரணம் எளிது. புதிதாக வந்தவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் பழைய ஆள்தான். அப்புறம், ஐந்து பேர் இருக்கும் டீமில் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய இணைப்புகள் 10. எட்டுப் பேரானால் 28. மூன்று ஆள்தான் கூடியது, பேச்சு ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகிவிட்டது. கல்யாண வீட்டுச் சமையலறையில் பந்திக்கு அரை மணி நேரம் இருக்கும்போது உதவிக்கு நான்கு பேர் நுழைந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். உப்பு எங்கே, கரண்டி எங்கே என்று கேட்டே பெரியம்மாவை வேலை செய்ய விடமாட்டார்கள்.

ஆள் சேர்த்தும் தீரவில்லை என்றால் நேரத்தைக் கூட்டுவார்கள். அது பலன் தருகிறதா? முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் உடல்நலத்தை ஆராய 1915-இல் ஒரு குழு அமைத்தார்கள். அந்தத் தொழிலாளர்களில் பெண்கள் நிறையப் பேர். யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், எவ்வளவு செய்து முடித்தார்கள் என்று அந்தக் குழு எண்ணி எழுதி வைத்தது. நூறு ஆண்டு கழித்து, ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் ஜான் பென்கவெல் அந்தக் கணக்கை எடுத்து 2014-இல் மறுபடியும் ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணி நேரம் வரை, நேரம் கூடக் கூட உற்பத்தியும் அதே விகிதத்தில் கூடியது. அதற்கு மேல் சரிவு. 70 மணி நேரம் உழைத்த வாரத்தின் உற்பத்தி, 56 மணி நேரம் உழைத்த வாரத்தின் உற்பத்தியைவிடப் பெரிதாக அதிகமில்லை. அந்த 14 மணி நேரத்தை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. அது யாருக்கும் பயன்படவில்லை. அந்தப் பெண்கள் வீட்டில் தூங்கியிருக்கலாம்.

உடலுக்கு வரும் விலையும் தெரிந்ததுதான். 2021-இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35–40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் அதிகம்.

இவ்வளவு தெரிந்தும் நீண்ட நேர உழைப்பை ஏன் மெச்சுகிறோம்? எரின் ரீட் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு ஒளி காட்டுகிறது. வாரம் எண்பது மணி நேரம் உழைப்பதைப் பெருமையாக நினைக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தில், சில ஆண்கள் சத்தமில்லாமல் குறைவாக வேலை செய்தார்கள். பக்கத்து ஊர் வாடிக்கையாளர்களை எடுத்துக்கொண்டார்கள், போனிலேயே முடித்தார்கள், பிள்ளைகளோடு நேரம் செலவழித்தார்கள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களுக்கும் உண்மையிலேயே எண்பது மணி நேரம் உழைத்தவர்களைப் போல நல்ல மதிப்பீடுதான் கிடைத்தது. வெளிப்படையாக ‘எனக்கு நேரம் குறைத்துக் கொடுங்கள்’ என்று கேட்டவர்களுக்குத்தான் அடி விழுந்தது. அப்படிக் கேட்டவர்களில் பெண்கள் அதிகம். மேலிருப்பவர்களால் யார் எவ்வளவு நேரம் உழைக்கிறார்கள் என்று உண்மையில் பிரித்தறிய முடியவில்லை.

வாய் திறக்கலாமா?

இதைக் கேட்டதும் அடுத்து வரும் கருத்து தானாகவே புரியும். டீமில் ஒருவர் ‘என்னால் முடியவில்லை’, ‘எனக்குத் தெரியவில்லை’, ‘தப்பு செய்துவிட்டேன்’ என்று சொன்னால் என்ன நடக்கும் என்ற எதிர்பார்ப்பு. தலை போகாது என்று எல்லோரும் நம்பினால் அதை உளவியல் பாதுகாப்பு என்கிறார்கள்.

இந்தக் கருத்தைக் கட்டியெழுப்பிய ஏமி எட்மண்ட்சன் அதற்கு வந்து சேர்ந்த கதையே அழகானது. 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல ஒற்றுமையுள்ள டீம்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல டீம்களில்தான் தவறுகளின் எண்ணிக்கை அதிகம். குழம்பிப்போய் யோசித்தபோது பொறி தட்டியது: அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, தவறை மறைக்காமல் சொல்கிறார்கள். பயம் நிறைந்த வார்டில் தவறு நடந்தால் அது வெளியே வருவதே இல்லை. உளவியல் பாதுகாப்பு என்ற கருத்தை 1999-இல் விரிவாக எழுதினார்.

திட்டமிடலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பிந்தப்போகிறது என்பது வேலை செய்பவருக்குப் பல வாரம் முன்பே தெரியும். அன்றே சொன்னால் சரிசெய்யலாம். சொல்லப் பயந்தால், கடைசி வாரத்தில் எல்லோருடைய இரவும் போகும். எங்கள் டீமில் அந்தத் தம்பி நான்கு மணிக்குக் கதவைத் தட்டாததும் இதே தயக்கம்தான், சின்ன அளவில்.

ஒரு நிறுவனத்தில் நடந்ததை வைத்து எல்லா இடத்துக்கும் பேசலாமா என்ற சந்தேகம் வருவது நியாயம். அதற்காகவே செய்த பெரிய சோதனை ஒன்று உண்டு. எரின் கெல்லி, ஃபிலிஸ் மோயன் ஆகியோர் ஓர் அமெரிக்கப் பெருநிறுவனத்தின் ஐடி பிரிவில் 56 குழுக்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி பழையபடி. மறுபாதியில், எப்போது எங்கிருந்து வேலை செய்வது என்பதை டீமே முடிவு செய்யலாம், மேனேஜர்களுக்கும் பயிற்சி. புது மருந்தைச் சோதிக்கும் அதே முறை. 2014-இல் வந்த முடிவு: மாற்றம் கிடைத்த குழுக்களில் வேலை–குடும்ப மோதல் குறைந்தது, வேலை நேரமோ சுமையோ கூடவில்லை. பிற்பாடு பார்த்தபோது வேலையை விட்டுப் போனவர்களும் அங்கே குறைவு. இவ்வளவு நல்ல பலன் கிடைத்தும், அந்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்த பிறகு புது நிர்வாகம் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகளில் பல, நல்ல சம்பளம் வாங்கும் அலுவலக ஆட்களைப் பற்றியவை. ஷிஃப்டில் நிற்கும் செவிலியருக்கும், ஆர்டருக்காகத் தெருவில் காத்திருக்கும் டெலிவரி தம்பிக்கும் ‘எங்கிருந்து வேலை செய்வது’ என்ற கேள்வியே இல்லை. அடுத்த வார ஷிஃப்ட் என்ன என்று முன்கூட்டியே தெரிவதுதான் அவர்களுக்குப் பெரிய விடுதலையாக இருக்கும்.

எங்கள் டீமில் ஒன்பது பேர். படித்ததைச் சும்மா விட மனமில்லாமல், சென்ற ஆண்டு வெள்ளைப் பலகையில் ஒன்பது பெயரையும் எழுதி ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு கிழமையைக் குறித்தோம். அன்று ஆறு மணிக்கு மேல் அவருக்குப் போன் கிடையாது. தினமும் நான்கு மணிக்குக் கால் மணி நேரம் எல்லோருடைய கேள்விக்கும் ஒதுக்கினோம். முதல் வாரமே ஒரு விஷயம் வெளியே வந்தது: இரவில் ஓடும் ஒரு பில்லிங் வேலை நின்றுபோனால் அதை மறுபடி ஓட்டத் தெரிந்தவர் ஒன்பது பேரில் ஒரே ஒருவர். இரண்டு வருடமாக அவர் ஒரு இரவுகூட நிம்மதியாகத் தூங்கவில்லை என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இப்போது நான்கு பேருக்கு அது தெரியும். அதில் ஒருவர் அந்தத் தம்பி.

இரண்டு முறை ஏற்பாடு உடைந்தது. இரண்டும் ரிலீஸ் வாரங்கள், அதாவது சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பை வெளியிடும் வாரங்கள். ‘இந்த ஒரு வாரம் மட்டும்’ என்று பலகையை அழித்தோம், மறுபடி எழுதப் பத்து நாளுக்கு மேல் ஆனது. அடுத்த ரிலீஸ் வரும் மாதம். அந்த வாரத்தில் யார் யார் எந்தக் கிழமை என்று இப்போதே எழுதி வைத்திருக்கிறோம். என் பெயருக்கு நேரே செவ்வாய்.